நான் கூராக்கிய போல்ட்

போல்ட் முனையைப் பென்சில் மாதிரி சீவிவிட்டால் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத் தட்டைக் கவ்வும் பிரேக் கேலிப்பரை நொடியில் மாட்டிவிடலாம் என்று நம்பிய மேதாவி நான். எந்த மெக்கானிக்குக்கும் இது தோன்றவில்லையே என்று மனைவியிடம் பீற்றினேன். இரண்டு போல்ட்டையும் கிரைண்டரில் சீவியதில் பாதி மரை போய்விட்டது. மாட்டுவது என்னவோ சுலபமாகத்தான் இருந்தது.

செமிலிங் சாலை இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன். கேலிப்பர் கழன்று சக்கரத்தில் கடகடவென்று அடித்தது. "குதிச்சிரு லா!" என்று பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியிடம் கத்திவிட்டு, முதலில் குதித்தது நான். மோட்டார் அவளோடு வாய்க்காலில் சாய்ந்தது. அவள் மணிக்கட்டு முறிந்தது.

"ஏங்க, பின் பிரேக் இருந்துச்சே?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டாள். இப்போது வேலைக்கு என் பின்னால் உட்காராமல் ஃபேக்டரி பஸ்ஸில் போகிறாள்.

பின் பிரேக் நன்றாகத்தான் இருந்தது. நான் மிதிக்கவில்லை.