கிளெமென்ற் வராத ஆட்டம்

கொட்டாஞ்சேனையில் துறைமுகக் கிளாக்கர் கிளெமென்றின் வீடு எங்கே என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். ராசியில்லாத கிளெமென்றின் வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையை நீட்டிக் காட்டும். அந்த மனிதர் யாருடைய குடியையும் கெடுத்தவரல்ல. செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். ஊரின் உதைபந்தாட்டக் கழகமான கொட்டாஞ்சேனை ஸ்டார் தோற்ற ஆட்டங்களையெல்லாம் தவறாமல் போய்ப் பார்த்திருந்தார்.

மற்றக் கழகங்களோடு ஸ்டார் வெல்லும், தோற்கும். அது பற்றி யாருக்கும் பெரிய கவலை இல்லை. தெமட்டகொடை றேஞ்சர்ஸோடு மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தது. யுத்தம் வருவதற்கு முந்தைய அந்த வருஷங்களில் இரண்டு கழகங்களும் ஆண்டுக்கு ஒரு தடவை பொரளை மைதானத்தில் மோதும். மோதி முடிந்ததும் தெமட்டகொடைக்காரர் லொறியில் ஏறி, றபான் மேளம் தட்டிக்கொண்டு, தங்கள் வழியை விட்டுவிட்டு வேண்டுமென்றே கொட்டாஞ்சேனையைச் சுற்றிப் போவார்கள். "கொட்டஹேன இவறாய்!" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். கொட்டாஞ்சேனையின் கதை முடிந்ததாம். முடிந்த கதையை வருஷா வருஷம் வந்து சொல்லிவிட்டுப் போக அவர்களுக்கு அலுக்கவேயில்லை.

தோல்வியைத் தாங்க ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி வைத்திருந்தார்கள். சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஜாபிர் நானா மூன்று நாளைக்கு யாரோடும் கதைக்கமாட்டார். வெற்றிக்கென்று அவர் வாங்கி வைக்கும் சீனவெடி, நத்தார் வரை கிடந்து, கடைசியில் பாலன் பிறப்புக்குத்தான் வெடிக்கும். ஆதரவாளர் சங்கச் செயலாளர் ஹெக்டர் நடுவரின் கண் பார்வையைக் குறை சொல்லி ஒரு வாரம் ஓட்டுவார். வேறு சிலர் மைதானம் சரிவு என்றார்கள், பந்தில் காற்று குறைவு என்றார்கள். ஆனால் நடுவரும் பந்தும் ஆண்டுக்காண்டு மாறிக்கொண்டிருக்க, மாறாமல் அங்கே வந்து நின்றவர்களில் ஒருவர் கிளெமென்ற்.

பழி வந்த விதம் இதுதான். ஒரு வருஷம் கப்பல் வேலை சுணங்கியதால் ஆட்டம் பாதி முடிந்த பிறகுதான் கிளெமென்ற் மைதானத்துக்கு ஓடி வந்தார். அதுவரை ஸ்டார் ஒரு கோல் முன்னால். அவர் சனத்துக்குள் நுழைந்து, "என்ன ஸ்கோர்?" என்று கேட்டு வாய் மூடவில்லை, றேஞ்சர்ஸ் ஒன்றைப் போட்டது. அடுத்த நிமிஷம் இன்னொன்று. "கிளெமென்ற் வந்திட்டான், இனி முடிஞ்சுது" என்று யாரோ பகிடிக்குச் சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். கிளெமென்றும் சிரித்தார். அவர் செய்த மடத்தனம் அந்தச் சிரிப்புத்தான். அடுத்த வருஷம் கோல் விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை, திரும்பி அவரைப் பார்த்தார்கள். மைதானத்தில் நின்ற நூற்றுக்கணக்கானவர்களும் தோற்ற ஆட்டங்களைப் பார்த்தவர்கள்தானே என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் மூளை இருக்கவில்லை.

பகிடி மைதானத்தோடு நின்றிருந்தால் கிளெமென்ற் பொறுத்திருப்பார். அது தெருவுக்கு வந்தது. புது வேலைக்குப் போகிறவன் காலையில் அவரைக் கண்டால் செருப்பு வார் அறுந்ததுபோலக் குனிந்துகொண்டான். கலியாண வீட்டில் மாப்பிள்ளை புறப்படும்போது, "கிளெமென்ற் அண்ணை, உள்ளுக்குப் போய்ச் சாப்பிடுங்கோவன்" என்று அன்பாக அவரை அப்புறப்படுத்தினார்கள். வீட்டுக்கு வந்து மனைவி ஐறீனிடம் கறி நல்லாயிருந்தது என்று மட்டும் சொல்வார். ஐறீனுக்கு எல்லாம் விளங்கும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் இதையே யாராவது காரணம் சொல்வார்களோ என்று அவள் பயந்தாள்.

இப்படி இருக்கும்போது ஒரு வருஷம் ஹெக்டருக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பள்ளிக்கூடக் காலத்திலேயே ஹெக்டர் கிளெமென்றிடம் சொல்லி வைத்தது: "எனக்குப் பொடியன் பிறந்தால் நீதான் ஞானத்தகப்பன்." ஞானஸ்நானத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது, றேஞ்சர்ஸ் ஆட்டம் முடிந்து அடுத்த வாரத்து ஞாயிறு. ஆனால் பிள்ளையைப் பார்க்கப் போன கிளெமென்றின் கையில் ஹெக்டரின் மனைவி கொன்ஸ்ரன்ஸ் பிள்ளையைக் கொடுக்கவில்லை. நித்திரை என்றாள். பிள்ளை கண்ணை முழித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து ஹெக்டர் வந்தார். கதிரையில் இருக்காமல் நின்றபடியே கதைத்தார்.

"மச்சான், இந்த முறை நீ மாட்சுக்கு வரவேண்டாமாம். சங்கத்தில எல்லாரும் சொல்லீனம். கிட்டவும் நிக்கவேண்டாமாம். வெள்ளவத்தைப் பக்கம் எங்கையாவது போய் வாவன்."

"நீயும் அப்பிடித்தான் சொல்லுறியோ?"

ஹெக்டர் கதிரையின் முதுகைத் தடவினார். "கொன்ஸ்ரன்ஸ் பிள்ளைப்பெத்த மனுசி, பயப்பிடுறாள். மாட்ச் முடியட்டும், பாத்துச் சொல்லுறன் எண்டவள். கிருலப்பனையில அவளின்ர தம்பி இருக்கிறான்…"

மிச்சத்தைச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. கிளெமென்ற் இல்லாமல் ஸ்டார் வென்றால் கதை நிரூபணம். கிருலப்பனைத் தம்பி ஞானத்தகப்பன் ஆவான், கிளெமென்ற் சாகும்வரை ராசியில்லாதவர். தோற்றால்தான் தப்பலாம்.

செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தியபோதுதான் கிளெமென்றுக்குத் தன் நிலைமையின் கொடுமை உறைத்தது. ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் முழந்தாளிட்டு, ஸ்டார் வெல்லவேண்டும் என்று மன்றாடியவர். இந்த முறையும் வாய் அதையே தொடங்கியது. பாதியில் நின்றது. அந்தோனியாரை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, ஒரேயொரு முறை தோற்கட்டும், இந்த ஒருமுறை மட்டும் என்று கேட்டுவிட்டு, யாரும் கேட்டிருப்பார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தபடி வெளியே வந்தார்.

சனிக்கிழமை ஐறீனையும் கூட்டிக்கொண்டு கோட்டையில் ரெயில் ஏறி வெள்ளவத்தைக்குப் போனார். தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக் கல்லொன்றில் இருவரும் இருந்தார்கள். ஐறீன் கடலைச் சுருளைப் பிரித்து அவர் கையில் வைத்தாள். அவர் தின்னவில்லை.

"இப்ப தொடங்கியிருக்கும்" என்றார்.

"தொடங்கட்டும். உங்களைத் துரத்திப்போட்டு விளையாடுகினம். நல்லாக் குடுக்கட்டும் றேஞ்சர்ஸ்காரன்."

"அப்பிடிச் சொல்லாதை ஐறீன். எங்கட டீம்."

"எங்கட டீமோ? நாங்கள் இப்ப இருக்கிறது வெள்ளவத்தையில!"

கிளெமென்றுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. பொரளைப் பக்கமாகக் காதைக் கொடுத்துப் பார்த்தார். கல்லில் இருந்தவருக்குக் கடல் இரைச்சலைத் தவிர என்ன கேட்கும்? இருந்தாலும் மனிதர் காதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

பொழுது சாய அவர்கள் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினார்கள். வென்றிருந்தால் சந்தியிலேயே சீனவெடிப் புகை மூக்கில் ஏறியிருக்கும். சந்தியில் புகை இல்லை. ஜாபிர் நானாவின் கடையில் ஒரு கதவு சாத்தியிருந்தது. தெருவில் சனம் நின்றது, சத்தம் இல்லை. கிளெமென்ற் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐறீன் அவர் முழங்கையைக் கிள்ளினாள். "முகத்தைச் சரியா வையுங்கோ" என்றாள் மெதுவாக.

வீட்டுக்குள் போய் விளக்கேற்றுவதற்குள் ஜாபிர் நானாவும் ஹெக்டரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். செத்த வீட்டுக்கு வந்தவர்கள்போல நின்றார்கள்.

"நாலு கோல், கிளெமென்ற்" என்றார் ஜாபிர் நானா. "நாங்க ஒண்டும் அடிக்கல்ல. இதுவரக்கும் இப்பிடித் தோத்தில்ல."

"நாலோ!" என்றார் கிளெமென்ற். அந்தச் சொல் வெளியே வந்த தொனி அவருக்கே பிடிக்கவில்லை. உடனே இருமினார். இருமலை நிறுத்தத் தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல உள்ளே போய், குசினிச் சுவரோடு நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். நெஞ்சில் வருஷக்கணக்காகக் கிடந்த கல்லை யாரோ தூக்கி எறிந்ததுபோல இருந்தது. நாலு கோல் என்பதில் வலியும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஒரு கோலோடு நிறுத்தியிருக்கலாமே அந்தோனியார் என்று நினைத்தார். திரும்பி வரும்போது முகம் ஓரளவு துக்கமாகத்தான் இருந்தது.

ஜாபிர் நானா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கெரவுண்ட் பக்கமே வரல்ல. அப்பிடியெண்டா இண்டக்கி யாரு வந்து தோத்த? எங்களுக்கு வெளயாடத் தெரியல்ல, அதுக்கு ஒங்க மேல பழியப் போட்டிட்டம். மனசுல வெச்சிக்கொள வாணாம்."

"அதுக்கென்ன நானா, விடுங்கோ" என்றார் கிளெமென்ற். ஐறீன் அப்படி விடவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தபடி, "இவர் வெள்ளவத்தைக் கல்லில இருந்து நாலு கோலும் அடிச்சவர் எண்டு நாளைக்குச் சொல்லமாட்டீங்கள்தானே?" என்று கேட்டாள். இருவரும் குனிந்த தலை நிமிராமல் குடித்து முடித்தார்கள். அவள் கேட்டது நல்ல கேள்வி. யாராவது கேட்டிருக்கவேண்டிய கேள்வி.

அடுத்த நாள் பூசை முடிந்து கொன்ஸ்ரன்ஸ் நேரே அவர்கள் வீட்டுக்கு வந்தாள். மன்னிப்பு அது இது என்று ஒன்றும் சொல்லவில்லை. "பிடியுங்கோ அண்ணை, எனக்குக் கை நோகுது" என்று பிள்ளையைக் கிளெமென்றின் மடியில் வைத்துவிட்டு, ஐறீனோடு குசினிக்குள் போய்விட்டாள். கிளெமென்ற் அசையாமல் இருந்தார். பிள்ளை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. அவர் கண்ணில் நீர் நின்றது. துடைக்கக் கை இருக்கவில்லை, துடைக்கவும் இல்லை.

ஞானத்தகப்பனாக நிற்கிறவர் முதலில் சுவாமியாரிடம் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும். ஞானஸ்நானத்துக்கு முதல்நாள் மாலை கிளெமென்ற் கோவிலுக்குப் போனபோது வரிசையில் அவருக்கு முன்னால் ஹெக்டர் நின்றார். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். ஹெக்டர் உள்ளே போனார், நெடுநேரம் இருந்தார், வியர்த்துப்போய் வந்தார். பிறகு கிளெமென்ற் போனார். தன் சொந்தக் கழகம் தோற்கவேண்டும் என்று மன்றாடியதை பத்துக் கட்டளைகளில் எதற்குள் அடக்குவது என்று தெரியாமல் திணறி, எப்படியோ சொல்லி முடித்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் சுவாமியார் ஒருமுறை செருமினார். பிறகு மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார்.

வெளியே படியில் ஹெக்டர் காத்திருந்தார்.

"மச்சான், உனக்கு ஒண்டு சொல்லவேணும்" என்றார் கிளெமென்ற். ஒளித்து வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையைத் தூக்க அவரால் முடியாது. "ஸ்டார் தோக்கவேணும் எண்டு நான் அந்தோனியாரிட்டைக் கேட்டனான்."

ஹெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படப்போகிறார் என்று கிளெமென்ற் நினைத்தார்.

"நானும்தான் கேட்டனான்" என்றார் ஹெக்டர்.

"நீயோ?"

"பின்ன என்ன? வெண்டால் அந்தக் கிருலப்பனையான்தானே என்ர பிள்ளைக்கு ஞானத்தகப்பன்! ரெண்டாவது கோல் விழுந்தவுடனை என்ர வாயில தோத்திரம் எண்டு வந்திட்டுது. பக்கத்தில நிண்ட ஜாபிர் நானா, நான் அழுகிறன் எண்டு நினைச்சுத் தோளைத் தட்டினவர்."

கிளெமென்ற் படியிலேயே இருந்துவிட்டார். கோவில் வாசல் என்றும் பார்க்காமல் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சுவாமியார் உனக்கு என்ன தந்தவர்?" என்றார் கிளெமென்ற்.

"முழுச் செபமாலை."

"எனக்கு மூண்டு மரியே மட்டும்தான்."

"நான் செயலாளர் எல்லே" என்றார் ஹெக்டர். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கிளெமென்றின் தோளில் கையை வைத்தார். "வாற வருஷம் நீ வாறாய். எனக்குப் பக்கத்தில நிக்கிறாய். தோத்தால் ரெண்டு பேரும் ஒண்டாத் தோப்பம்."