நடுப்படியில் சொன்னது

எனக்கு வாய் நீளம். நீலசந்திராவில் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் கீழ்வீட்டில் குடியிருந்தவர்களிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல மூன்று மாதம் தவித்தேன்.

எங்களுடையது இருபதுக்கு முப்பது அடி சைட்டில் கட்டின மாடி வீடு. கீழே வாடகைக்கு அண்ணன், தம்பி, அண்ணன் மனைவி. மாடியில் நானும் என் வீட்டுக்காரரும். போன வருஷம் பக்கவாதம் வந்து அவருக்கு வலது கை கால் விழுந்துவிட்டது. அதிலிருந்து ஒரே கேள்விதான்: "கீழ எப்பப் போறோம்?" கீழே இருந்தால் வாசலில் உட்கார்ந்து நாலு மனுஷரைப் பார்க்கலாம். மாடி ஜன்னலில் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க்தான் தெரியும்.

எங்கள் படிக்கட்டு ஒரு ஆள் அகலம், பாதியில் ஒரு திருப்பம் வேறு. ஆம்புலன்ஸ்காரர்கள் ஒருதரம் ஸ்ட்ரெச்சரோடு அங்கே மாட்டிக்கொண்டு அவரைச் சாய்த்துவிட்டார்கள். அப்புறம் வேறு யார் கை வைத்தாலும் கத்துவார். கீழ்வீட்டு அண்ணன் தம்பி தூக்கினால் மட்டும் பேசாமல் இருப்பார். பிளாஸ்டிக் நாற்காலியில் வேட்டியால் கட்டி, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராக வாராவாரம் பிசியோதெரபிக்கு இறக்கி ஏற்றுவார்கள். அவர்களையா காலி பண்ணச் சொல்வது? சொல்லாவிட்டால் இவரை எங்கே கீழே குடிவைப்பது? எந்தப் பக்கம் போனாலும் எனக்கு முட்டுச்சந்துதான்.

பதினோரு மாத அக்ரிமென்ட் தையில் முடிகிறது. அதை டைப் அடித்துத் தரும் அம்மாவிடம் யோசனை கேட்டேன். "ரெண்டு மாசம் முன்னாடியே எழுதிக் குடுத்துடுங்க. அதுக்கு முன்னாடி அவங்க வீட்டுல போய் உட்கார்ந்து காரணத்தை நேரா சொல்லுங்க. மகன் வர்றான், மருமக வர்றான்னு கதை விடாதீங்க" என்றார். நியாயமான பேச்சு. மூன்று தடவை கீழே போனேன். மூன்றாவது தடவை வாய் வராமல், சர்க்கரை தீர்ந்துபோச்சு என்று ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் இரண்டு கிலோ இருந்தது.

கடைசியில் எங்கே சொன்னேன் தெரியுமா? படிக்கட்டில். ஐப்பசிக் கடைசியில் ஒரு செவ்வாய், அவரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் முன்னால் இறங்கினேன். திருப்பத்தில் இவர், "கீழ எப்பப் போறோம்?" என்று ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "தம்பி, தையோட அக்ரிமென்ட் முடியுது. இனிமே போடல. இவருக்குக் கீழ்வீடு வேணும்" என்று கொட்டிவிட்டேன்.

நாற்காலியை அவர்கள் இறக்கவில்லை. அங்கே இறக்க இடமும் இல்லை. அண்ணன் தம்பியில் பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "சரிக்கா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அண்ணன் கால் இடிக்கும்" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஜீவனஹள்ளியில் வீடு பார்த்து, மார்கழிக்கு முன்பே குடிபோக வேண்டும் என்று கார்த்திகையிலேயே கிளம்பிவிட்டார்கள். டெம்போவில் சாமான் ஏறியதும் பெரியவர் மாடிக்கு வந்தார்.

"அக்கா, அண்ணனை இப்பவே கீழ இறக்கி விட்டுடட்டா? நாளைக்கு நாங்க இருக்க மாட்டோம்."

"பெயின்ட் அடிக்கணும் தம்பி. அப்புறம் மார்கழி. தையில பால் காய்ச்சிட்டு இறங்கிக்கிறோம்" என்றேன். பெரிய இவளாட்டம் சம்பிரதாயம் பேசினேன். போகச் சொன்னவர்களிடமே இன்னொரு உதவி வாங்கக் கூசியது, அதுதான் நிஜம். அவர் இவருடைய விழுந்த கையைத் தொட்டு, "வர்றேண்ணா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பொங்கல் கழிந்து நான் மட்டும் கீழே போய்ப் பால் காய்ச்சினேன். சந்தில் நாலு ஆம்பளைகளைக் கூப்பிட்டு வந்தேன். நாற்காலியில் கை வைத்ததும் இவர் போட்ட கூச்சலில் அவர்கள் பயந்து திரும்பிப் போனார்கள். புது பெயின்ட் வாசனையோடு கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது.

"அந்தத் தம்பிங்களுக்கு போன் போடேன்" என்று தினமும் கேட்கிறார். போனை எடுப்பேன், நம்பரைப் பார்ப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். என்னவென்று கேட்பது? இன்றைக்குக் காலையிலும் கேட்டார்.

"போட்டேங்க. ரிங் போகுது, எடுக்கல" என்றேன்.



"அவங்க அப்படிப்பட்டவங்க இல்லையே" என்றார்.