இடுப்பில் கட்டிய ஆரம்

கொஞ்ச காலமாக என் கைப்பேசிக்குள் ஒரு கொள்ளைக் கும்பல் குடியிருந்தது. காலையில் காபிக்கு முன்பே வீடியோவாக வந்துவிடும். முகமூடிக்காரர்கள் கதவை உடைப்பார்கள், பைக்கில் வந்தவர்கள் சங்கிலியை அறுப்பார்கள். பின்னால் தெரிகிற கடைப் பலகையில் இந்தி எழுதியிருந்தாலும் எனக்கு அது எங்கள் கோட்டுச்சேரி கடைத்தெருவாகவே தெரியும். உடனே எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, வாசல் கேட்டில் இன்னொரு பூட்டு மாட்டுவேன். எங்கள் தெருவில் கடைசியாகக் களவுபோனது எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட கருவாடு. எடுத்தவர் வாலைத் தூக்கிக்கொண்டு மதில்மேல் நடந்துபோனதை நானே பார்த்தேன். அதனாலெல்லாம் என் பயம் குறையவில்லை.

இந்த நிலைமையில்தான் மச்சினி மகளுக்கு நாகப்பட்டினத்தில் கல்யாணம் வந்தது. மனைவி வங்கி லாக்கரிலிருந்து தன் ஆரத்தை எடுத்து வந்தாள். கூடப்பிறந்தவர்கள் எல்லாம் மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பார்கள். அந்த இடத்தில் கழுத்தில் ஆரத்தோடு போய் இறங்க வேண்டும் என்பது அவளுடைய நீண்ட நாள் ஆசை. வாங்கியதிலிருந்து அது லாக்கருக்கு மட்டும்தான் அழகு சேர்த்திருக்கிறது. ஒரு விசேஷத்துக்கும் நான் போடவிட்டதில்லை.

"பைக்ல அதப் போட்டுக்கிட்டா வர்றது? எல்லை தாண்டுறதுக்குள்ள அறுத்துட்டுப் போயிருவான்."

"யாரு?"

"அவனுங்கதான்."

"எங்க அண்ணனுக்குக்கூட நீங்க இவ்வளவு பயந்ததில்லீங்களே!"

கடைசியில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆரத்தைத் துண்டில் சுருட்டி என் இடுப்பில் கட்டிக்கொள்வது, மேலே தொளதொள சட்டை. மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் நிறுத்தி அவள் போட்டுக்கொள்ளலாம்.

காரைக்கால்காரர்கள் இந்த இடத்திலேயே சிரித்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் சரக்கு மலிவு, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. பாட்டிலை இடுப்பில் கட்டிக் கடத்துவது இங்கே குடிசைத் தொழில் மாதிரி. அதனால் செக்போஸ்டில் நிற்பவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், வயிற்றைத்தான் பார்ப்பார்கள். பிறந்ததிலிருந்து இதே ஊரில் இருக்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்கு மண்டைக்குள் முகமூடிக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இடமில்லை.

செக்போஸ்டில் ஒருவர் கை காட்டினார். காக்கி இல்லை, சாதாரணக் கட்டம்போட்ட சட்டை.

"வண்டிய ஓரங்கட்டுங்க சார். சட்டையத் தூக்குங்க."

போலீஸ் என்று சொல்லி வழிமறித்து நகையைப் பிடுங்குகிறார்கள், உஷார் என்று ஊர் முழுக்க எச்சரித்தவனே நான்தான்.

"நீங்க போலீஸ்னு எப்படி நம்புறது?"

அவர் பின்னால் நின்ற காக்கிச்சட்டைகளைக் காட்டினார்.

"அவங்களும் உங்க கூட்டாளியா இருக்கலாம்ல?"

"அந்த ஜீப்பு?" என்றார் அவர், ரொம்பப் பொறுமையாக. "சரி, இடுப்புல எத்தனை குவாட்டர்?"

"ஐயோ, எனக்குக் குடிப்பழக்கமே இல்லீங்க!"

"கொண்டு போறவங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள். அதிலிருந்து இறங்கிய வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர், கையில் சாப்பாட்டுக் கேரியரோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "நாடு கெட்டுப்போச்சுங்க. யாரைத்தான் நம்புறது?" என்றார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மனைவி வண்டியிலிருந்து இறங்கினாள். "ஏங்க, சட்டையத் தூக்குறீங்களா, இல்ல நான் தூக்கட்டுமா? தாலி கட்டி முடிச்சிருவாங்க."

தூக்கினேன். துண்டை அவிழ்த்ததும் ஆரம் வெயிலில் பளபளவென்று தொங்கியது. பஸ்ஸில் யாரோ விசிலடித்தார்கள்.

"இது ஜென்ட்ஸ் மாடல் இல்லையே சார்," என்றார் கட்டம்போட்ட சட்டை.

"திருடனுக்குப் பயந்துதான்..."

"இந்த ரோட்டுலயா? நாங்க நாள் பூரா நிக்கிறோம், பாட்டிலத் தவிர ஒண்ணும் கெடைக்க மாட்டேங்குது."

அந்த நேரம் பார்த்து வெள்ளை வேட்டிக்காரர் மெல்ல நழுவினார். கேரியர் 'ணங்' என்றது. சாம்பாரும் ரசமும் இடித்துக்கொண்டால் அப்படிச் சத்தம் வராது. கட்டம்போட்ட சட்டை என்னை விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினார்.

மனைவி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. என் கையிலிருந்த ஆரத்தை வாங்கி, வண்டிக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, அங்கேயே போட்டுக்கொண்டாள். தலைப்பைச் சரிசெய்தாள்.

"இனிமே வீட்டுக்குப் போய்த்தான் கழட்டுவேன். வண்டிய எடுங்க."

மண்டப வாசலில் அவள் இறங்கினதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பன்னீர் தெளிக்கவேண்டிய அவள் அக்கா செம்பை அப்படியே வைத்துவிட்டு ஆரத்தைக் கையில் ஏந்தி எடை பார்த்தாள். அன்று முழுக்க அதில் கைவைத்த வெளியாள் அவள் ஒருத்திதான். நான்தான் பந்தியில்கூட அந்தக் கழுத்தைப் பார்த்தபடி சாப்பிட்டு, பாயசத்தில் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

கிளம்பும்போது வாசலில் என் செருப்பைக் காணோம். புதுச் செருப்பு. வெறுங்காலோடு பைக்கை உதைத்துக் கிளப்பினேன். பின்னால் ஆரம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. செக்போஸ்டில் வண்டி மெதுவானபோது அவள் என் காதருகில் குனிந்தாள்.

"செருப்பையும் இடுப்புல கட்டிக்கிட்டு உள்ள போயிருக்கலாம்லங்க?"