பெயர் எழுதாத கப்பல்

தூரிகையைத் தாடியில் துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்க்கிறார் ஜோசையா டிரெம்பத். இடப்பக்கத் தாடி கடலுக்கு, நீலம். வலப்பக்கம் மலைக்கு, பழுப்பு. "இந்த மனுஷன் பக்கத்துல உக்காந்தாலே என் கவுனை வெளுக்கப் போடணும்" என்பாள் மனைவி கெசையா.

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் துறைமுகத்துக்கு வரும் கேப்டன்களுக்குக் கப்பல் படம் வரைவதுதான் பிழைப்பு. இடையிடையே பெரிய மனிதர்களுக்கு மலைக்காட்சி. யூக்கலிப்டஸ் மரத்தை ஓக் மரம் போல வரையச் சொல்வார்கள். இங்கிலாந்தில் இருக்கும் உறவினர் பார்த்து மெச்ச வேண்டுமாம். முணுமுணுத்துக்கொண்டே வரைந்து கொடுப்பார். கப்பல்காரர்களிடம் இந்தக் கதையெல்லாம் நடக்காது. ஒரு கயிறு விட்டுப்போனாலும், "பாயை எதுலய்யா கட்டுறது, உம்ம தாடியிலயா?" என்று கேட்டுவிடுவார்கள்.

அவர்களுக்கு இன்னொரு கண்டிப்பும் உண்டு. கப்பல் பத்திரமாகத் திரும்பும்வரை படத்தில் அதன் பெயரை எழுதக் கூடாது. திரும்பிய அன்று கேப்டனே வந்து ஓவியருக்குப் பக்கத்தில் நின்று எழுதச் சொல்வார். திரும்பாமலே போனால், பெயரை எழுதிப் படத்தை வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும்.

கேப்டன் பாஸ்கோவின் 'ஹெஸ்டர்' புறப்பட்டு இரண்டு குளிர்காலம் போய்விட்டது. இனி வராது என்று கப்பல் முதலாளிகள் கைகழுவிவிட்டார்கள். கேப்டனின் மனைவி மார்ஜரி மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயில் முடிந்து வந்து, டிரெம்பத் வரைந்து வைத்திருக்கும் அந்தக் கப்பல் படத்தின் முன் நிற்பாள்.

"முடிஞ்சிடுச்சா ஐயா?"

"எங்கம்மா, மேகம் பாக்கி கிடக்கே."

மேகம் என்றைக்கோ முடிந்துவிட்டது. சொன்ன வார்த்தை பொய்யாகக் கூடாதே என்று, அவள் போனதும் அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசுவார். வானம் ரொட்டியின் மேல்தோல் போலத் தடித்துப் போயிருக்கிறது. "இன்னும் பூசுங்க, ஆணியோட பேத்துக்கிட்டு விழட்டும்" என்று கெசையா திட்டுவாள். திட்டிக்கொண்டே வெள்ளையைக் குழைத்துக் கொடுப்பவளும் அவள்தான். பாவம், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு வரும்?

இந்த ஞாயிறு மார்ஜரி கறுப்பு உடையில் வந்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"மேகம் போதும் ஐயா. பேரை எழுதிடுங்க. சின்னவ, அப்பா கப்பல் எதுன்னு கேக்குறா. வீட்டுல மாட்டணும்."

கெசையா இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருப்பதிலேயே மெல்லிய தூரிகையைத் தேடி எடுத்து நீட்டினாள். டிரெம்பத் வாங்கிக்கொண்டார். உடனே எழுதவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு, கேப்டன்கள் நிற்கும் இடத்தை ஒழித்துவிட்டு, மார்ஜரி வந்து அங்கே நிற்கும்வரை தூரிகையைப் பிடித்தபடி காத்திருந்தார்.