ஏழு பேரும் உட்கணம்தான்

எனக்குக் கோபம் வந்தால் கணக்கு வரும். திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளருக்கு அது தெரியாது, பாவம்.

சங்கக் கட்டடத்தின் பின்னறையில் சாயங்காலம் நான் ட்யூஷன் எடுப்பேன். காலையில் அங்கேயே தெருப் பெண்கள் மூன்று பேர் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பார்கள். எங்கள் யார் வீட்டிலும் இல்லாத சௌகரியம் ஒன்று அந்த அறையில் உண்டு. "காபி ஆச்சா?" என்று யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணலாம் என்று செயற்குழு முடிவெடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். குழுவில் ஆறு பேர். ஆறும் ஆண்கள்.

விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். மகளிர் பிரிவு தன் உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்களுக்கும் செயற்குழுவில் ஓட்டு உண்டு என்று அதில் இருந்தது. எத்தனை பேர் என்று இல்லை. இத்தனை வருஷமாக எங்களிடம் யாரும் பெயர் கேட்டதில்லை. நாங்களும் கொடுத்ததில்லை, அது எங்கள் தப்பு. மகளிர் பிரிவில் நாங்கள் ஏழு பேர். ஏழு பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

அன்றைக்கே செயலாளர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"என்ன டீச்சரே, லிஸ்ட்ல ஏழு பேரும் இருக்கேளே! செலக்‌ஷன்னா கொறச்சுப் பேரைத்தானே எடுக்கணும்? ஒண்ணோ ரெண்டோ போறாதா?"

"உறுப்பினர்கள்லேருந்துன்னுதான் போட்டிருக்கு, மாமா. சிலரை விட்டுடணும்னு எங்கே இருக்கு?"

அந்த வாரம்தான் ட்யூஷன் பிள்ளைகளுக்குக் கணக்கில் உட்கணம், அதாவது ஸப்செட், நடத்தியிருந்தேன். ஒரு கணத்தில் உள்ளதெல்லாம் இன்னொரு கணத்திலும் இருந்தால் முதலாவது இரண்டாவதன் உட்கணம். அவ்வளவுதான் விதி. அதனால் எந்தக் கணமும் தனக்கே உட்கணம். ஒருவரையாவது வெளியே நிறுத்தினால்தான் அதற்குத் தகு உட்கணம் என்று தனிப் பெயர். செயலாளருக்குத் தேவைப்பட்டது தகு உட்கணம். விதிப் புத்தகம் கேட்டதோ வெறும் உட்கணம். இதை அவரிடம் பொறுமையாகத்தான் சொன்னேன்.

"அதெல்லாம் உங்க கணக்குப் புஸ்தகத்துல. இது சங்கமாக்கும்."

காதெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு.

"போன வருஷம் எங்கள்ல எத்தனை பேர் இருந்தோம் குழுவுல?"

"ஆரும் இல்லை."

"ஒருத்தரும் இல்லாத கணமும் உட்கணம்தான், மாமா. வெற்றுக்கணம்னு பேர். அத்தனை வருஷமும் அது உங்களுக்குச் சரியா இருந்ததே! ஒருத்தருமே இல்லைன்னா செல்லும், எல்லாரும் வந்தா செல்லாதா?"

அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். மழையே இல்லை.

பின்னறையை இடிப்பதா என்று முடிவெடுக்கும் செயற்குழுக் கூட்டம் அடுத்த ஞாயிறு. ஏழு பேரும் போனோம். எங்களில் மூத்தவர் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேஜையைச் சுற்றி ஆறு நாற்காலி, சுவரோரம் எங்களுக்கென்று இரண்டு.

"ரெண்டு பேர் இருங்கோ. பாக்கிப் பேர் நாங்க சொல்றதைக் கேட்டுண்டு வெளியில நிக்கலாமல்லோ?" என்றார் செயலாளர்.

யாரும் உட்காரவில்லை. நான் பின்னறையின் பூட்டைத் திறந்தேன். அவர்கள் இடிக்கப்போகிற அந்த அறையிலிருந்து, என் பிள்ளைகள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஐந்தைத் தூக்கிவந்து மேஜையோரம் போட்டோம். சுவரோரம் கிடந்த இரண்டையும் இழுத்துக்கொண்டோம்.

"இப்போ ஓட்டுக்கு விடுங்கோ, மாமா," என்றேன்.