தன்லியினில் ஒரு சிவப்புத் தொப்பி

இங்கே யாங்கோனில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஆனால் பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறது என்று டிரைவருக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவன் எட்டிப் பார்த்து, "யதெ" என்று சொல்ல வேண்டும். பரவாயில்லை, போகலாம் என்று அர்த்தம். க்யிம்யிண்டைங்கில் இருக்கும் என் அறையிலிருந்து தன்லியினில் உள்ள தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி வேனில் அந்த இருக்கை எனக்கு வாய்த்திருக்கிறது. திருப்பூரில் ஸ்கூட்டரையே பயந்து பயந்து ஓட்டியவன் நான். இங்கே ஒரு வேன் நிறைய ஆட்களின் உயிர் என் ஒரு சொல்லில் ஓடுகிறது. அந்தத் திங்கட்கிழமை காலை பாகோ ஆற்றுப் பாலம் தாண்டியபோது டிரைவர் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல் வரவில்லை. என் கண் செல்போனில் இருந்தது. அமெரிக்காவில் ஞாயிறு மாலை. அவர்களுடைய ஃபுட்பால் இறுதிப் போட்டி தொடங்கியிருந்தது.

ஊரில் இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். எனக்கு அந்த ஆட்டத்தில் ஆர்வம் கிடையாது. ஹெல்மெட் போட்ட பெரிய பெரிய ஆட்கள் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு மோதிக்கொள்கிறார்கள், அதற்குப் பெயர் ஃபுட்பால். ஆனால் நாங்கள் செய்வது தொப்பி. பிளேஆஃப் சுற்றுகளில் ஒவ்வொரு வாரமும் அணிகள் விழுந்துகொண்டே வரும்போது நாங்கள் வெறும் தொப்பிகளைத் தைத்து வைத்துக்கொண்டு காத்திருப்போம். கடைசி இரண்டு அணிகள் யாரென்று தெரிந்ததும் எம்பிராய்டரி எந்திரங்கள் நிற்காமல் ஓடும். இரண்டு அணிக்கும் 'சாம்பியன்' என்று தங்க நூலில் போட வேண்டும். ஜெயித்தவர்களின் தொப்பி அன்றே விமானத்துக்குப் போகும். தோற்றவர்களின் தொப்பியை ஒன்றுகூட வெளியே போகாமல் வெட்டிப் போட வேண்டும். நடக்காத வெற்றிக்குத் தொப்பி இருக்கக் கூடாது என்பது வாங்குபவர்களின் விதி. இந்த வருடம் சிவப்பும் பச்சையும். சிவப்பில் ஒன்று குறைந்தது.

குறைந்தது சனிக்கிழமை தெரிந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் சாந்தா என் மேஜைக்கு வந்து நின்றாள். சிவப்புத் தொப்பி லைனின் முதல் எந்திரம் அவளுடையது. அரசாங்க அட்டையில் அவள் பெயர் மா தந்தா. முப்பாட்டன் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். கணவன் பர்மியன். தமிழ் பேசுவாள், ஆனால் பதற்றம் வந்தால் பாதி வாக்கியம் பர்மியத்தில் போய்விடும். என்னைக் கூப்பிடுவது மட்டும் எப்போதும் 'சயா', நம் ஊர் 'சார்' மாதிரி.

"சயா, அந்தத் தொப்பி எங்க வூட்டுல இருக்குங்க."

"எடுத்துட்டுப் போனியா?"

"களவாங்கலைங்க. மொத பீசு. சாமி மேசையில வச்சு எடுத்தாந்தேன். எப்பவும் எடுத்துக்கிறதுதானே."

அவள் சொன்னது உண்மை. திருப்பூரில் புது ஆர்டரின் முதல் பீசைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைப்போம். இங்கே புத்தர் படத்துக்கு முன்னால் வைக்கிறார்கள், மாலையில் அதைத் தைத்தவரே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நான் வந்த முதல் வாரம் இதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த ஊரில் இருந்துவிடலாம் என்று தோன்றியது. இந்த ஆர்டருக்கு அது கூடாது என்ற அறிவிப்பு சுவரில் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. அதன்மேல் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள்.

"சரி, பரவால்ல. திங்கக்கெழம கொண்டாந்துடு" என்றேன்.

"முடியாதுங்க. நத்துக்குப் போட்டாச்சு."

நத் என்றால் இங்கே காவல் தெய்வம். வீட்டைக் காக்கும் நத்துக்காக ஒரு தேங்காயை மூலையில் தொங்கவிட்டு, அதன் தலையில் சிவப்புத் துணி கட்டுவார்கள். சாந்தாவின் மாமியார் டோ மியா அந்தச் சிவப்புத் தொப்பியைப் பார்த்ததும், நத்தே கேட்டு வாங்கியது என்று சொல்லித் தேங்காய்க்குப் போட்டுவிட்டார். சாந்தாவின் கணவன் வேலை தேடித் தாய்லாந்துப் பக்கம் போனவன். மழைக்காலத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. தொப்பி போட்ட மறுநாள் அவனிடமிருந்து போன் வந்தது.

"இப்ப அதைக் கழட்டினா அத்தை செத்துருவாங்க, சயா. எனக்கும்..." என்று நிறுத்திவிட்டு மீதியைப் பர்மியத்தில் சொன்னாள். புரியாத மாதிரி இருந்துகொண்டேன். எனக்கும் கை வராது என்றுதான் சொன்னாள்.

ஆக, கணக்கு மிக எளிமையாகிவிட்டது. சிவப்பு ஜெயித்தால் குறைகிற ஒன்றைச் சேதாரத்தில் எழுதிவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். சிவப்பு தோற்றால் ஒவ்வொரு தொப்பியையும் வாங்குபவர்களின் ஆள் முன்னால் எண்ணி வெட்ட வேண்டும். ஒன்று குறைந்தால் எடுத்தவருக்கு அன்றோடு வேலை இல்லை. அந்த வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்தி. இப்போது இந்த ஊரில் வேலையை விட்டால் இன்னொன்று கிடைக்கும் என்று யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை.

திங்கட்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது கோ தூரா ஏற்கெனவே பேக்கிங் ஹாலில் உட்கார்ந்திருந்தான். வாங்குபவர்களின் யாங்கோன் ஆள் அவன், முப்பது வயதிருக்கும். போனை டீ கிளாசில் சாய்த்துவைத்து வி.பி.என். போட்டு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். "நாலு வாய்ப்பு, சயா. அதுக்குள்ள பத்து கஜம் முன்னேறணும். இல்லைன்னா பந்து அடுத்தவனுக்கு" என்று ஆங்கிலமும் பர்மியமும் கலந்து விளக்கினான். வாழ்நாள் முழுக்கத் துணியைக் கஜத்தில் அளந்தவனுக்கு ஆட்டத்தையும் கஜத்தில் அளக்கிறார்கள் என்பது எப்படியோ சட்டென்று புரிந்துவிட்டது. சிவப்பு முன்னால் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாந்தா தைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பீசு முடிந்ததும் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்தேன். பக்கத்து எந்திரங்களும் பார்த்தன. லைனுக்கே விஷயம் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இடைவேளைக்குப் பிறகு பச்சை நெருங்கியது. கடைசியில் சிவப்புக்கு வெறும் மூன்று புள்ளிதான் கூடுதல், பந்து பச்சையிடம். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. எந்திரங்கள் எல்லாம் ஒன்றாக ஓய்ந்தன. ஜெனரேட்டர் பிடிக்கும்வரை ஹாலில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்டது. போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. படம் வந்தபோது பச்சைக்கு நாலாவது வாய்ப்பு. எனக்குக் கடவுள் நம்பிக்கை கொஞ்சம் குறைவு; ஆனாலும் அந்தத் தேங்காயைத்தான் நினைத்தேன். பந்து நெடுந்தூரம் பறந்தது. ஒருவன் துள்ளிப் பிடித்து, விழாமல், கோட்டைத் தாண்டி ஓடிவிட்டான். அதற்கு ஆறு புள்ளி.

கோ தூரா இயர்போனைக் கழற்றினான். "பச்சை" என்றான்.

நான் தடுப்பின் பக்கம் திரும்பவில்லை. திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. என் மேஜைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் வாங்குபவர்கள் ஒப்புக்கொண்ட சாம்பிள் ஒன்று என் பொறுப்பில் இருக்கும், சிவப்பு முத்திரை அட்டை குத்தியிருக்கும். சிவப்பு அணியின் சாம்பிளிலிருந்து அட்டையைப் பிய்த்தேன். என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது, விசாவும் அதோடு. தொப்பியை, வெட்டப்போகிற சிவப்புத் தொப்பிகளின் பெட்டியில் நடுவில் செருகிவிட்டு வந்தேன்.

எண்ணிக்கை சரியாக வந்தது. வெட்டும் எந்திரம் ஓடத் தொடங்கியது. நடுவில் ஒன்றைக் கோ தூரா கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அட்டை குத்தியிருந்த ஓட்டை. என்னைப் பார்த்தான்.

"உங்க சாம்பிள் எங்கே, சயா?"

"தொலைஞ்சிருச்சு" என்றேன்.

அவன் முகம் மெல்ல மலர்ந்தது. குனிந்து, தாழ்ந்த குரலில், "நீங்க சிவப்பு ரசிகரா? சொல்லவே இல்லையே. முதல்லயே நல்ல தொப்பி ஒண்ணை எடுத்து வச்சுக்கிட்டு, கணக்குக்கு இதை உள்ள போட்டுட்டீங்க" என்றான். இந்தியர்கள் எல்லாரும் கிரிக்கெட்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தானாம். தானும் சின்ன வயதிலிருந்து சிவப்புதான் என்றான். நான் மறுக்கவில்லை. தொப்பியை எந்திரத்துக்குள் போட்டுவிட்டு, சாம்பிள் காணாமல் போனதை என் பெயரில் அறிக்கையில் எழுதினான். நட்பு வேறு, வேலை வேறு. மேலாளர் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்கிறார். இதை எழுதுகிறவரை ஒப்பந்தம் பற்றி எனக்கு ஒரு பதிலும் வரவில்லை.

அன்று மாலை சாந்தா என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். மறுக்க முடியவில்லை. தன்லியின் சந்தைக்குப் பின்னால் மரவீடு. படிக்கட்டில் செருப்பை விட்டு ஏறியதும் எதிர் மூலையில் தேங்காய் தொங்கியது. பளபளவென்று சிவப்புத் தொப்பி, நெற்றியில் தங்க நூலில் 'சாம்பியன்'. தையல் கோணாமல் நேராக இருந்ததைத்தான் முதலில் பார்த்தேன், தொழில் புத்தி. டோ மியா லபெ என்ற ஊறிய தேயிலையைத் தட்டில் போட்டு முன்னால் வைத்தார். பிறகு தொப்பியைக் காட்டி, "நைங்லா?" என்று கேட்டார். ஜெயித்ததா என்று.

சாந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைங்தே" என்றேன். ஜெயித்தது.

உலகத்திலேயே அந்த ஒரு வீட்டில் சிவப்பு ஜெயித்தது. டோ மியா தேங்காயைப் பார்த்துக் கைகூப்பி ஏதோ நீளமாகச் சொன்னார். மகன் பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். சாந்தா தமிழில் சொன்னாள்.

"உங்களுக்கும் வேண்டிக்கிறாங்களாம், சயா. பத்திரமா வூடு போய்ச் சேரணும்னு. ஆனா வூடு எங்கனு நத்துக்கிட்ட சொல்லணுமாம். எங்கனு சொல்லட்டும்?"

திருப்பூர் என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவி அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். க்யிம்யிண்டைங் அறையின் சாவி சட்டைப் பையில் இருந்தது. டோ மியா கூப்பிய கையை இறக்காமல் காத்திருந்தார்.