மற்ற நட்சத்திரங்கள் மறைந்த பதினொரு நிமிடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அமாவாசையில் சுடுகாட்டு வழியாக பைக் ஓட்டிக்கொண்டு போய் டீ குடித்துவிட்டு வந்தவன் நான். இனி சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருக்கும் கம்பெனியில் ஃபர்னஸ் வேலை எனக்கு. அந்தப் புகையில் வானமே தெரியாது. அதனால் லீவு கிடைத்தால் டெலஸ்கோப்பை பைக்கில் கட்டிக்கொண்டு ஆர்.கே.பேட்டை பக்கம் மாமியார் வீட்டு வயலுக்குப் போய்விடுவேன். பம்ப்செட் ரூம் மேல்தளம்தான் என் இடம். நான் பார்ப்பது எப்போதோ வெடித்து மங்கிப்போன ஒரு நோவா. நோவா என்றால் ஒன்றல்ல, இரண்டு நட்சத்திரம், ஒன்று இன்னொன்றை உறிஞ்சிக்கொண்டே சுற்றும். ஒன்று மற்றதை மறைக்கும்போது வெளிச்சம் குறையும், அந்தக் குறைச்சலை அளந்தால் அந்த ஜோடியைப் பற்றி நிறையத் தெரியும். கேமரா நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும், நான் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்று சாயங்காலம் என் மனைவியின் தம்பி தாமு கூடவே இருந்தான். எட்டு மணிக்கு, "ஊட்டுக்குப் போய் டிபன் எட்த்துக்கினு வரேன் மாமா" என்று கிளம்பினான்.

எட்டரைக்கு, கணக்குப்படி, நோவா மங்க ஆரம்பித்தது. அடுத்த படத்தில் சுற்றியிருந்த நட்சத்திரங்கள் ஒன்றுகூட இல்லை. மேகம் என்று நினைத்து நிமிர்ந்தால் வானம் சுத்தமாக இருக்கிறது. திரையில் நோவா மட்டும், நம்பினால் நம்புங்கள், மங்க வேண்டிய நேரத்தில் வெளிச்சம் ஏறிக்கொண்டே போகிறது. டெலஸ்கோப் வாய்க்கு முன்னால் கையை நீட்டினேன். எதுவும் தட்டுப்படவில்லை. ஃபர்னஸ் கதவைத் திறந்தால் அடிக்குமே, அந்தச் சூடு, அந்த இடத்தில் மட்டும். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

அப்போது வரப்பிலிருந்து டார்ச் வெளிச்சம். தாமு கிட்ட வராமல் அங்கேயே நின்றுவிட்டான்.

"மாமா, எறங்கி வா."

"இன்னாடா ஆச்சு?"

"எதையும் எடுக்காத. திரும்பிப் பாக்காத. எறங்கி வா மாமா."

ஏணியில் எப்படி இறங்கினேனோ தெரியாது. என் மணிக்கட்டைப் பிடித்தவன் வீடு வரும்வரை விடவில்லை.

விடிந்த பிறகுதான் போய் சாமான்களை எடுத்தோம். நோவா மட்டும் தெரிந்த பதினொரு படங்கள் அப்படியே இருந்தன. கேமராவைப் பிரித்துப் பார்த்தேன், பழுதில்லை. அதே நேரம் வேறு ஊரில் அதே நோவாவைப் பார்த்த நண்பரிடம் கேட்டேன். வழக்கம்போல மங்கியது, சுற்றி எல்லா நட்சத்திரங்களும் இருந்தன என்றார்.

அன்றைக்கு என்ன பார்த்தான் என்று தாமு இன்றுவரை சொல்லவில்லை. கெஞ்சியும் கேட்டாயிற்று, குடிக்க வைத்தும் கேட்டாயிற்று. ஆனால் நான் அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் போன் செய்து ஒன்றே ஒன்று கேட்கிறான்.

"தனியாத்தான வர்ற மாமா?"

தனியாகத்தான் போகிறேன். இருந்தாலும் பைக்கின் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்காமல் எனக்கு ஆமாம் என்று சொல்ல வருவதில்லை.